ஐரிஸ் கிழங்கும் அக்காவின் மூக்கும்

காலை ஏழு மணிக்கு அக்கா ஸ்டோர் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே போகும் ஒவ்வொரு பெண்ணின் கழுத்தோரமும் குனிந்து முகர்ந்து பார்ப்பார். அப்படியொரு வேலையை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. செக்ரோல் என்கிற பெயர்ப் பதிவேட்டில் அவரும் எங்களைப் போலத் தேயிலை சலிக்கிற ஆள்தான். ஆனால் அவர் தலையாட்டாமல் எந்தப் பெண்ணும் அந்த வாசலைத் தாண்டியதில்லை.

தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். எங்களுடையது இலங்கை மலைநாட்டில் உடப்புசல்லாவைப் பக்கம். காய்ந்த தேயிலைக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தில் எது மணத்தாலும் இழுத்து வைத்துக்கொள்ளும். சோப்பு, மண்ணெண்ணெய், வெங்காயம், தலையில் வைத்த பூ, எல்லாம் அதற்கு ஒன்றுதான். கொழும்பில் தேயிலை ருசி பார்க்கிறவர்கள் ஒரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டு, இதில் மண்ணெண்ணெய் இருக்கிறது என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். அதனால் சலிக்கிற அறைக்குள் மணக்கிற எதுவும் போகக் கூடாது. சட்டம் ஸ்டோருடையது, அதைக் கட்டிக்கொண்டு அழுதவர் இவர்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் கொஞ்சமாகப் பவுடர் போட்டுப் போயிருந்தேன். உயர்தரப் பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு வந்தவள். முகமாவது பார்க்கிற மாதிரி இருக்கட்டுமே என்ற எண்ணம்.

"பவுடரு. போயி கழுவிட்டு வா."

ஜனவரி மாதம். அந்த நேரத்தில் எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரில் முகம் கழுவினால் பல் கூசும். கழுவிவிட்டு வந்து நின்றேன். மறுபடி குனிந்தார்.

"காதுக்குப் பின்னால இருக்கு புள்ள. திரும்பக் கழுவு."

மூன்று தடவை கழுவினேன். மூன்றாவது தடவை என் கண்ணீரும் சேர்ந்துதான் கழுவியது. அதற்கு ஒரு வாசமும் இல்லாததால் உள்ளே விட்டார். அன்றைக்கு அவரை நான் வெறுத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மாவை விட வயதில் மூத்தவர். ஆனாலும் டீமேக்கர் ஐயா முதல் எடுபிடிகள் வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். பின்னால் மூக்கு அக்கா என்று சொல்லிச் சிரிப்பார்கள். அது அவர் காதிலும் விழுந்திருக்கும். விழுந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

வாசலுக்கு வெளியே சுவரில் வரிசையாக ஆணி அடித்து வைத்திருந்தார். திருவிழா நாளில் பூ வைத்துக்கொண்டு வருகிற பெண்கள் அதைக் கழற்றி அவரவர் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மாலையில் வாடிப்போன பூவை எடுத்து மறுபடி தலையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போவோம். பூசாரியிடமே போய், "சாமி, ஸ்டோர் புள்ளைகளுக்கு வாசன விபூதி குடுக்காதீங்க, வெறும் விபூதி குடுங்க" என்று சொல்லி வைத்திருந்தார். பூசாரி பாவம், இரண்டு தட்டு வைத்திருந்தார்.

டீமேக்கர் ஐயாதான் ஸ்டோருக்குத் தலை. ஒரு நாள் அவருக்குத் தடிமன். நெற்றியில் தைலம் பூசிக்கொண்டு வேகமாக வந்தவரை வாசலில் அக்கா மறித்துவிட்டார்.

"ஐயா, தைலம்."

"எனக்குமா அக்கா?"

"தேயிலைக்கு ஒங்கள தெரியாதுங்களே ஐயா."

டீமேக்கர் ஐயா சிரிக்கவில்லை. திரும்பிப் போய் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அக்காவை எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை.

அந்த மூக்கு லேசுப்பட்டதும் அல்ல. தேயிலை காய்கிற இயந்திரத்தில் சூடு ஏறிப்போனால் அடுத்த அறையில் இருந்துகொண்டே "தீயுது, தீயுது" என்று ஓடுவார். அங்கே நிற்கிற ஆள் அப்போதுதான் விழித்துக்கொண்டு வெப்பமானியைப் பார்ப்பார். ஒருமுறை நுவரெலியாவிலிருந்து பஸ்ஸில் வரும்போது, முன் சீட்டுக்காரருடைய பையில் இருக்கிற கருவாடு நேற்றையதா, போன வாரத்தியதா என்று என் காதில் சொன்னார். பைக்காரரிடமே கேட்டுப் பார்த்தேன். போன வாரத்தியதுதான். இப்படித்தான் நான் மெல்ல மெல்ல அவர் பக்கம் சாய்ந்தேன். மனிதரைப் பிடிக்காவிட்டாலும் அந்தத் திறமையைப் பிடித்துப்போயிற்று, பிறகு மனிதரையும்.

அவரிடம் மட்டும் ஒரு வாசமும் இருக்காது. பயற்றமாவு தேய்த்துக் குளிப்பார். கல்யாணத்துக்கு வந்த செண்டு போத்தலைத் திறக்காமலேயே தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டதாக ஒருநாள் சொன்னார். கல்யாணம் முடிந்த வாரமே ஸ்டோருக்கு வேலைக்கு வந்துவிட்டாராம்.

"ஞாயித்துக்கெழம பூசியிருக்கலாமே அக்கா?"

"ஞாயித்துக்கெழம பூசுனா திங்கக்கெழம போயிருமா? வேலைய விட்டு நிக்கிற அன்னிக்கி ஒருநா பூசிக்குவேன். வாசமா வெளிய போவேன், பாரு."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சின்னப்பிள்ளைத்தனம் வந்து போகும். முப்பத்தைந்து வருடமாக ஒரு பூவின் மணத்தைக் கூட உடம்பில் ஏற்றிக்கொள்ளாத ஒருத்தர் அப்படி ஆசைப்படுவது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. ஒவ்வொரு பௌர்ணமிப் போயா விடுமுறைக்கும் மறுநாள், சலித்த தேயிலையை மூட்டை கட்டும்வரை போட்டு வைக்கிற மரப்பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஏணியைச் சாத்தி மேலே ஏறுவார். பெட்டிகளுக்கு மேலே, கூரைக்குக் கீழே, குறுக்காக ஒரு பலகை கிடந்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அடுப்பு. மழையும் மிஸ்ட் என்கிற பனிமூட்டமும் ஓயாத எங்கள் ஊரில் வருடம் முழுக்கக் காய்ந்து கிடக்கும் இடம் அது ஒன்றுதான். மேலே போய்ச் சற்று நேரம் நிற்பார். இறங்கும்போது, "இன்னும் வரல" என்பார். எலிப்பொறியைப் பார்க்கிறார், எலி வரவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வந்தது கொழும்பிலிருந்து ஒரு செய்தி. இரண்டு தடவை அனுப்பிய தேயிலையில் பூ வாசம் அடிக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். டீமேக்கர் ஐயா முகம் சுண்டிப்போய்ப் பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்தார். என் இடத்துக்கு நேராக இருந்த பெட்டியின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ தூள். விரலால் தொட்டு முகர்ந்தார். என்னைப் பார்த்தார்.

"மொகத்துக்குப் போடுற பவுடர்."

நான் முதல் நாளைக்குப் பிறகு பவுடரைத் தொட்டதே இல்லை. சத்தியம் செய்தேன். டீமேக்கர் ஐயா அக்காவைக் கூப்பிட்டார். எனக்கு உயிர் வந்தது. தினமும் என்னை முகர்ந்து உள்ளே விட்டவர் அவர்தானே.

அக்கா பெட்டியிலிருந்து ஒரு பிடி தேயிலையை அள்ளி மூக்கருகே வைத்துக்கொண்டார். கண்ணை மூடி வெகு நேரம் நின்றார்.

"இதுல ஒரு வாசமும் இல்லைங்க ஐயா."

அறையில் இருந்த எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கே வாசம் தெரிந்தது. குளிர்ந்த, மெல்லிய, விலையுயர்ந்த டப்பாவைத் திறந்தால் வருகிற பவுடர் மணம். டீமேக்கர் ஐயா அந்தப் பிடியை இன்னொரு பெண்ணிடம் நீட்டினார். அவளும் தலையாட்டினாள்.

"அக்கா, எல்லாருக்கும் அடிக்கிது. ஒண்ணு ஒங்க மூக்கு போயிருச்சு. இல்லாட்டி இந்தப் புள்ளைய காப்பாத்துறீங்க. எது?"

அக்கா மறுபடியும் முகர்ந்தார். பிறகு என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார்.

"காலைல கூட்டங்க ஐயா. இந்தப் புள்ளைய சரியா பாக்காம விட்டுட்டேனோ என்னமோ."

இவ்வளவுதான் சொன்னார். இந்த ஒரு வரியில் அவர் மூக்கு தப்பித்தது, நான் மாட்டினேன்.

விசாரிக்கும்வரை வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டார்கள். நாங்கள் குடியிருக்கிற லயத்தில் செய்தி எனக்கு முன்னே வந்து சேர்ந்துவிட்டது. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால், "ஸ்டோருக்குள்ள யாருக்குக் காட்டவாம் பவுடரு?" என்று குடத்தைப் பார்த்துப் பேசினார்கள். அங்கே ஆம்பளைகளும் வேலை செய்கிறார்களே, பெயர் கட்டிவிட அது போதாதா? அப்போது எனக்கு இறம்பொடையிலிருந்து ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த வாரம் வருகிறோம் என்றவர்கள் வரவில்லை. அம்மா அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வேலை போவது கூடப் பெரிதாகத் தோன்றவில்லை. செய்யாத ஒன்றுக்காக ஒரு பெண்ணின் பெயர் இவ்வளவு சீக்கிரம் நாறிப்போகும் என்பதுதான் தாங்க முடியவில்லை. அதைவிட, அதை அக்கா செய்தது.

ஐந்தாம் நாள் ஆள் அனுப்பினார்கள். பெட்டியை எல்லாம் நானே தேய்த்துக் கழுவி வெயிலில் வைக்க வேண்டும், பிறகு பார்க்கலாம் என்றார் டீமேக்கர் ஐயா. போனேன். வாசலில் அக்கா நின்றார். என் கழுத்தோரம் குனியாமல் வழி விட்டார். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பெட்டியைக் கழுவி முடித்து, மேலே சுவரைத் துடைக்க ஏணியில் ஏறினேன். அந்தப் பலகைக்கு நேராக என் முகம் வந்ததும் வாசம் அடித்தது. அதே வாசம், நூறு மடங்கு. பலகையில் ஒரு துணிப்பை. அக்காவின் பழைய நீலச் சேலையில் தைத்தது. ஒரு மூலையை எலி கடித்திருந்தது. அந்த ஓட்டை வழியாக வெள்ளைத் தூள் பலகையில் கொட்டி, பலகையின் இடுக்கால் கீழே என் பெட்டிக்குப் போயிருந்தது. உள்ளே விரல் விரலாக, தோல் சீவிய ஏதோ காய்ந்த கிழங்கு.

நேராக டீமேக்கர் ஐயாவிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. எனக்கு முதலில் அவரைக் கையும் களவுமாகப் பிடித்துக் கேட்க வேண்டும் என்றிருந்தது. தேத்தண்ணி குடிக்கிற நேரம். கொல்லைப் பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தவர் மடியில் பையைப் போட்டேன்.

"இது யாருதுங்க அக்கா?"

அவர் பதறவில்லை. ஒரு பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார்.

"என்னோடதுதான். ஏன் புள்ள எறக்குன? அது இன்னும் வரலியே."

பிறகு சொன்னார். மூன்று வருடத்துக்கு முன்னால் துரை பங்களா தோட்டத்தைக் கொத்தி வண்டி நிறுத்த இடம் செய்தார்களாம். அங்கே நீலமாகப் பூக்கிற ஐரிஸ் செடிகளின் கிழங்கைக் குவித்துப் போட்டிருந்தார்களாம். அவர் தேயிலை கொடுக்கப் போன நேரம். பங்களாவில் தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மா ஒருத்தர் அதைப் பார்த்து ஐயோ என்றாராம். சமையல்காரர் அவர் பேசியதைத் தமிழில் சொன்னார்: இந்தக் கிழங்கைத் தோல் சீவிக் காய வைத்தால் மூன்று வருடத்துக்கு ஒரு வாசமும் இருக்காது, அதற்குப் பிறகு வருகிற வாசத்தைத்தான் பெரிய பெரிய செண்டிலும் முகத்துக் க்ரீமிலும் போடுகிறார்கள்.

"மூணு வருசம்னாங்க. எனக்கும் வேலைய விட்டு நிக்க மூணு வருசந்தான் இருந்திச்சு. சரியா வருதேன்னு அள்ளிக்கிட்டு வந்தேன். காய வைக்க நம்ம ஊர்ல வேற எங்க புள்ள எடம் இருக்கு? வாசம் வந்த அன்னிக்கே எறக்கிடுவோம்னுதான் மாசாமாசம் ஏறி மோந்து பாத்தேன்."

"அது வந்துருச்சுங்க அக்கா."

"இல்ல. வந்தா எனக்குத் தெரியாதா?"

ஒரு துண்டை எடுத்து முகர்ந்தார். "மண்ணு வாசந்தான் இருக்கு." என்னிடம் நீட்டினார். என் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அவர் பொய் சொல்லவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. அந்த வழியாக அடுப்புக்கு விறகு கொண்டுபோன ஆளை அக்கா நிறுத்தினார்.

"தம்பி, இது என்னா வாசம், சொல்லு."

அந்த ஆள் குனிந்தார். "பூ மாதிரி அடிக்கிதே அக்கா. தொரைச்சாணி பவுடரு மாதிரி. எங்க வாங்குனீங்க?"

அக்கா அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கருவாட்டின் வயதைச் சொல்கிற மூக்கு. அதற்கு உலகத்தில் எட்டாதது ஒன்றே ஒன்று. அதற்காகத்தான் அவர் மூன்று வருடம் காத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்போது ஓடியதை எனக்கு எழுதத் தெரியவில்லை. நான் பழி வாங்க வந்தவள் என்பதே மறந்துபோயிற்று.

சற்றுக் கழித்து, "ஒன்னைய அஞ்சு நாளு அழ வெச்சுட்டேன்" என்றார். எழுந்தார். பையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக ஆபீசுக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன்.

"ஐயா, வாசம் இதுல இருந்துதான் வந்திருக்கு. இது என்னோடது. இந்தப் புள்ளைய சரியா பாக்கலன்னு அன்னிக்கி சொன்னேனே, அது பொய்யிங்க. நல்லாத்தான் பாத்தேன். என் மூக்குக்கு இது மட்டும் எட்டல. அத ஒத்துக்க மனசு வராம இவ மேல போட்டுட்டேன். நாளைக்கி பெரட்டுல வெச்சு எல்லாருக்கும் கேக்க நானே சொல்லிடுறேன்."

அப்படியே நடந்தது. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில், நூறு பேருக்கு முன்னால், அக்காவே சொன்னார். யார் மூக்குக்குப் பயந்து பூவைக் கழற்றி ஆணியில் மாட்டினார்களோ அவர்களுக்கு முன்னால். பீலியில் பேசியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். இறம்பொடைக்காரர்கள் மறுபடி வந்தார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். பவுடருக்கு ஓடிப்போனவர்கள் வேறு எதற்கு நிற்பார்கள்?

அக்காவைச் சலிக்கிற அறையிலிருந்து எடுத்து, வெளியே கொழுந்து நிறுக்கிற இடத்தில் போட்டார்கள். வேலையை விட்டு நிற்க இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. கிழங்குப் பை ஸ்டோர் பக்கமே வரக் கூடாது என்றார் டீமேக்கர் ஐயா. வாசலுக்கு யாரைப் போடுவது என்று கேட்டபோது, "அந்தப் புள்ளைய நிப்பாட்டுங்க. எனக்கு எட்டாதது அவளுக்கு எட்டுது" என்று சொன்னாராம். நான் வாசலில் நிற்கத் தொடங்கினேன்.

எனக்கு இப்போது ஹட்டன் டவுனில் ஒரு சின்னப் பியூட்டி பார்லர் இருக்கிறது. போன மாதம் ஒரு வாடிக்கையாளர் வெளிநாட்டிலிருந்து வந்த க்ரீம் ஒன்றைக் கொண்டுவந்து பூசிவிடச் சொன்னார். டப்பாவில் பொடி எழுத்தில் ஐரிஸ் கிழங்கு என்று போட்டிருந்தது. சிலருடைய தோலுக்கு அது அரிக்கும் என்பதால் முதலில் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பார்த்தேன். மூடியைத் திறந்ததிலிருந்து என் கை சரியாக ஓடவில்லை. சிலருக்குப் பிறவியிலேயே இந்த ஒரு வாசம் மட்டும் மூக்குக்கு எட்டாது என்று பிற்பாடு படித்திருக்கிறேன். இது தன் பக்கத்தில் இருக்கிற மற்ற வாசங்களையும் பறந்துபோகாமல் பிடித்து வைக்குமாம். எனக்கு அது பிடித்து வைத்திருப்பது ஒரு வாசலை.

அக்கா வேலையை விட்டு நின்ற நாள். நிற்கிறவர்களை உள்ளே கூப்பிட்டு, தேத்தண்ணி கொடுத்து, ஒரு சேலை வைத்துக் கொடுப்பது வழக்கம். நடந்ததை மனதில் வைத்துக்கொள்ளாமல் டீமேக்கர் ஐயா அதற்கு ஏற்பாடு செய்திருந்தார். எல்லோரும் உள்ளே காத்திருந்தார்கள். வாசலில் நான் மட்டும்.

பின்னேரம் மூன்று மணி இருக்கும். மிஸ்ட் இறங்கத் தொடங்கியிருந்தது. அக்கா குளித்து, நல்ல சேலை கட்டி, தலையில் பூ இல்லாமல் வந்தார். நாலு எட்டு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கிழங்கை அரைத்துக் கழுத்திலும் கையிலும் பூசியிருந்தார். என் முன்னால் வந்து நின்று, தலையைச் சாய்த்துக் கழுத்தைக் காட்டினார்.

"மோந்து பாரு புள்ள."

குனிந்தேன். விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஐந்து நிமிடம், ஒரு கோப்பைத் தேத்தண்ணி. ஆனால் அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்காக வந்து நிற்கிறார் என்று அப்போது புரிந்தது.

"உள்ள போகக் கூடாதுங்க அக்கா. வாசம் இருக்கு."

"நெசமாவா?"

"நெசமா. டீமேக்கர் ஐயாவே ஆனாலும் விட மாட்டேன்."

சிரித்தார். அத்தனை பல் தெரிய அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். டீமேக்கர் ஐயா சேலையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். பெண்கள் எல்லோரும் பின்னால் வந்து, ஒவ்வொருத்தராக அக்காவின் கழுத்தோரம் குனிந்து முகர்ந்தார்கள். அக்கா கழுத்தைக் காட்டியபடி நின்றார். தேத்தண்ணியை முற்றத்தில் நின்றபடி குடித்தார்.

கிளம்பும்போது இரண்டு எட்டுப் பின்னால் போய் நின்றார்.

"இங்கேருந்து அடிக்கிதா?"

"அடிக்கிதுங்க அக்கா."

ஆணிச் சுவர் வரைக்கும் போனார். "இங்கேருந்து?"

"அடிக்கிது."

கொழுந்து நிறுக்கிற இடத்தைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டார். மிஸ்டுக்குள் சேலையின் நிறம் மட்டும் தெரிந்தது. காற்று வேறு பக்கம் வீசியது. எனக்கு அடுப்புப் புகையும் பச்சைக் கொழுந்தும்தான் மணத்தன.

"இங்கேருந்து புள்ள?"

அந்த வாசலில் நின்று நான் சொன்ன ஒரே பொய் அதுதான். கையை வாயருகில் வைத்துக்கொண்டு, முடிந்தவரை சத்தமாகச் சொன்னேன்.

"அடிக்கிதுங்க அக்கா!"